சும்மா கிடைப்பதற்கு யார் காசு கட்டுகிறார்?

சவளக்கடைச் சந்தியில் ரீலோட் போடும் கடையொன்றில் அண்மையில் நின்றுகொண்டிருந்தேன். வயலிலிருந்து நேரே வந்த இளைஞர் ஒருவர் தனது கையடக்கத் தொலைபேசியைக் கடைக்காரரிடம் நீட்டி, ஒரு செயலியை ஏற்றித் தரும்படி கேட்டார். "காக்கா, இதுக்குக் காசு கட்டத் தேவையில்லதானே?" என்றார். "இல்ல தம்பி, சும்மாதான்" என்றார் கடைக்காரர்.

திரையில் நான்கைந்து கேள்விகள் வந்தன. நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா, தொடர்பு இலக்கங்களைப் பார்க்கலாமா, படங்களைத் திறக்கலாமா என்ற கேள்விகள்தான். அத்தனைக்கும் "ஆம்" என்று விரல் வைத்தார் இளைஞர். அரை நிமிடத்தில் அலுவல் முடிந்தது.

இதே இளைஞர் அறுவடை முடிந்து நெல் விற்கும்போது இப்படி நடந்துகொள்வாரா? மாட்டார். தராசைப் பார்ப்பார். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்பார். ஈரம் என்று சொல்லி எத்தனை கிலோ வெட்டுகிறார்கள் என்று தகராறு செய்வார். ஒரு மூடை நெல்லுக்குக் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் தொலைபேசியில் காட்டுவதில்லை. காரணம் ஒன்றுதான். அங்கே விலை எழுதப்பட்டிருக்கவில்லை. விலை எழுதப்படாத பொருளுக்கு விலையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

வெள்ளாமை செய்பவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். விதைப்புக் காலத்தில் பசளையும் விதைநெல்லும் கடனாகத் தந்து, "காசைப் பற்றி இப்போ யோசிக்க வேண்டாம்" என்று சொல்லும் வியாபாரி நல்லவராகவே தெரிவார். அறுவடை வந்ததும் நெல் அவருடைய களஞ்சியத்துக்குத்தான் போகவேண்டும், அவர் சொன்ன விலைக்குத்தான் போகவேண்டும். அப்போதுதான் விதைப்பின்போது கிடைத்தது எதற்கான முற்பணம் என்பது விளங்கும். இன்றைய இணைய வியாபாரத்தின் பெரும்பகுதியும் இந்த முறையில்தான் நடக்கின்றது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே அறுவடை செய்யப்படுவது நாம்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தால்

ஒரு கம்பனி யாருக்காக உழைக்கின்றது என்பதை அறிய அதன் விளம்பர வாசகங்களைப் படிக்கத் தேவையில்லை. வருமானம் எங்கிருந்து வருகின்றது என்று பார்த்தால் போதும்.

பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றுக்கும் சொந்தக்காரரான மெட்டா கம்பனியின் 2024 ஆம் ஆண்டு வருமானம் சுமார் 164 பில்லியன் அமெரிக்க டொலர். அதில் நூற்றுக்கு 97 இற்கும் மேற்பட்ட பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. அதாவது, அந்தக் கம்பனியின் வாடிக்கையாளர் நீங்களோ நானோ அல்ல. விளம்பரம் கொடுப்பவரே வாடிக்கையாளர். அவர் வாங்குவது இரண்டு பொருட்களை: ஒன்று நமது நேரம், மற்றது நம்மைப் பற்றிய தகவல்.

"பத்திரிகையிலும் விளம்பரம் இருக்கின்றதே" என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மைதான், இந்தப் பக்கத்தை அச்சிடுவதற்கும் விளம்பரம் உதவுகின்றது. ஆனால் பத்திரிகைக்கு நீங்களும் காசு கொடுக்கிறீர்கள். எந்தச் செய்தியில் எத்தனை விநாடி நின்றீர்கள் என்பதைப் பத்திரிகை குறித்துக்கொள்வதில்லை. வாசித்து முடித்ததும் உங்களுக்குப் பின்னால் வீடுவரை வந்து, அங்கிருந்து மரக்கறிச் சந்தைக்கும் வருவதில்லை. தொலைபேசி வருகின்றது.

இலாபம் தேடுவதைக் குற்றமென்று சொல்ல இந்தப் பத்தி எழுதப்படவில்லை. கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் வியாபாரத்தாலும் கைத்தொழிலாலும் வளர்ந்த ஊர்கள். இலாபம் இல்லாமல் கடை திறந்திருக்காது. இலாபத்துக்காக இயங்கும் இந்தக் கருவிகளால் நமக்குக் கிடைத்த நன்மைகளையும் மறைக்க முடியாது. கட்டாரில் இருக்கும் மகனின் முகத்தைச் சவளக்கடையில் இருக்கும் தாய் நாள்தோறும் பார்க்கின்றார். மாரியில் கிட்டங்கி வீதி வெள்ளத்தில் மூழ்கினால், கல்முனைக்குப் புறப்படுமுன்பே செய்தி வந்துவிடுகின்றது.

பிரச்சினை இலாபத்தில் இல்லை, மறைக்கப்பட்ட விலையில்தான் இருக்கின்றது. விற்கும் பொருளும் அதன் விலையும் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும், தெரியாத பொருளைத் தெரியாத விலைக்கு விற்பது முறையான விற்பனையாகாது என்பது நமது வியாபாரச் சட்டத்தின் பாலபாடம். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கவேண்டும்.

அம்பாறையில் ஒரு மாக்கட்டி

இந்த மறைந்த விலை சில வேளைகளில் பணமாக அன்றி வேறு விதமாக வசூலிக்கப்படுகின்றது. நமது மாவட்டத்துக்கு அது நன்கு தெரியும்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள், உணவில் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, அது கருத்தடை மாத்திரை என்று சண்டை பிடித்தனர். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவர், கூட்டத்துக்கு நடுவில் பயந்துபோய்த் தலையாட்டிய காட்சி வீடியோவாகப் பதியப்பட்டு பேஸ்புக்கில் பரவியது. அன்றிரவே ஹோட்டல் உடைக்கப்பட்டது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் அறிவித்தது. ஆனால் அதற்கிடையில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன. மார்ச் 6 ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டு, ஒரு வாரத்துக்குப் பின்னரே முழுமையாகத் திறக்கப்பட்டன.

வெறுப்பை விதைத்தவர்கள் மனிதர்கள்தான். அந்தப் பொறுப்பை ஓர் இயந்திரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இருந்தாலும், வியாபாரப் பக்கத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றிருக்கின்றது. பொய் ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது? உண்மை ஏன் பின்தங்கியது?

பேஸ்புக் கம்பனியின் உள்ளக ஆவணங்களை அதன் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹோகன் 2021 இல் வெளியே கொண்டுவந்தார். அவற்றை வைத்து அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதியவற்றில் ஒரு தகவல் கவனிக்கத்தக்கது. எந்தப் பதிவை யாருக்கு முதலில் காட்டுவது என்று முடிவெடுக்கும் கணக்கில், 2017 முதல் ஒரு "லைக்" 1 புள்ளி பெற்றால், கோபமுகம் உட்பட ஏனைய முகக்குறிகள் ஒவ்வொன்றும் 5 புள்ளி பெற்றன. கோபம் கொண்டவர் அதிக நேரம் நிற்பார், பதில் எழுதுவார், பத்துப் பேருக்கு அனுப்புவார். அதிக நேரம் நின்றால் அதிக விளம்பரம் காட்டலாம். கணக்கு அவ்வளவுதான். கோபமுகத்தின் பெறுமதி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2020 இல் பூச்சியமாக்கப்பட்டது. அப்போது பொய்த் தகவல் குறைந்ததாகவும், மக்கள் அதைப் பயன்படுத்துவது குறையவில்லை என்றும் கம்பனியின் ஆய்வாளர்களே கண்டனர். ஆக, முன்னரே செய்திருக்கக்கூடிய ஒன்றுதான் அது.

இரண்டாவது விடயம் இன்னும் நமக்கு நெருக்கமானது. 2017 ஒக்டோபரில் பேஸ்புக் ஒரு பரீட்சார்த்தத்தை ஆரம்பித்தது. செய்தி நிறுவனங்கள் முதலான பக்கங்களின் பதிவுகளைப் பிரதான வரிசையிலிருந்து எடுத்து, வேறொரு மூலையில் வைத்தது. பிரதான வரிசையில் நண்பர்கள் எழுதுபவையும், காசு கட்டிய விளம்பரங்களும் மாத்திரமே தெரிந்தன. இதற்கு ஆறு நாடுகள் தெரிவு செய்யப்பட்டன: பொலிவியா, கம்போடியா, குவாத்தமாலா, சேர்பியா, சிலோவாக்கியா, இலங்கை. அது கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்ட நாள் 2018 மார்ச் 1. அதாவது, அம்பாறைச் சம்பவம் நடந்த இரவில் இலங்கை அந்தப் பரிசோதனைச் சாலைக்குள்தான் இருந்தது. வன்முறைக்கு அந்த ஏற்பாடுதான் காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு நாட்டுக்குச் செய்தி போய்ச்சேரும் வழியை, அந்நாட்டு மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஒரு கம்பனி மாற்றியமைக்க முடிந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

பேஸ்புக்கில் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றிக் கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 ஆம் ஆண்டிலேயே ஆய்வறிக்கை வெளியிட்டு எச்சரித்திருந்தது. சிங்களமும் தமிழும் தெரிந்தவர்களைப் போதியளவு வேலைக்கு அமர்த்தினால்தான் அதைத் தடுக்கலாம். ஆளை அமர்த்துவது செலவு. விளம்பர வருமானத்தில் இலங்கை மிகச் சிறிய சந்தை. சிறிய சந்தைக்குப் பெரிய செலவு செய்ய எந்த வியாபாரியும் விரைந்து முன்வருவதில்லை. 2018 இல் இலங்கையில் தனது தளத்தினால் ஏற்பட்ட பாதிப்புக்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளின் கணக்கு எந்த விளம்பரப் பற்றுச்சீட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

தொழுகை நேரம் காட்டும் செயலி

இனி, இரண்டாவது பொருளான நம்மைப் பற்றிய தகவலுக்கு வருவோம்.

தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் செயலிகள் இன்று பலரது தொலைபேசியில் இருக்கின்றன. நேரத்தையும் திசையையும் கணிக்க, நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரியவேண்டும். அந்த அனுமதியைக் கேட்பது நியாயமே. ஆனால் வாங்கிய தகவல் பிறகு எங்கே போகின்றது?

உலகில் 9 கோடி 80 இலட்சத்துக்கும் அதிகமான தடவை தரவிறக்கப்பட்ட "முஸ்லிம் புரோ" என்ற செயலியிலிருந்து, பயனாளர்கள் இருக்கும் இடம் பற்றிய தகவல் "எக்ஸ்-மோட்" என்ற அமெரிக்கத் தரவு வியாபாரக் கம்பனிக்குப் போனதாகவும், அக்கம்பனியின் வாடிக்கையாளர்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தக்காரர்களும் இருந்ததாகவும் 2020 நவம்பரில் "மதர்போர்ட்" என்ற அமெரிக்கச் செய்தித்தளம் வெளியிட்டது. பயனாளர்களின் தனிப்பட்ட விபரங்களை அமெரிக்க இராணுவத்துக்குத் தாம் விற்றதாகக் கூறப்படுவதை அந்தச் செயலியின் நிறுவனம் மறுத்தது. ஆயினும் எக்ஸ்-மோட்டுடனான தொடர்பைத் துண்டித்துக்கொள்வதாக உடனே அறிவித்தது. அடுத்த மாதமே, எக்ஸ்-மோட்டின் மென்பொருள் அடங்கிய செயலிகளை அப்பிளும் கூகிளும் தடுத்தன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, வைத்தியசாலைகள், வணக்கத்தலங்கள் போன்ற இடங்களுக்கு மக்கள் போய்வரும் விபரத்தை அந்தக் கம்பனியும் அதன் வாரிசுக் கம்பனியும் விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது.

இங்கே யாரும் யாருடைய தொலைபேசியையும் திருடவில்லை. செயலியைச் செய்தவருக்குச் செலவு இருக்கின்றது. அதைப் பாவிப்பவர் காசு தருவதில்லை. தரவு வியாபாரி வந்து, "இந்தச் சிறு மென்பொருளை உள்ளே வைத்துக்கொள், மாதாமாதம் பணம் தருகிறேன்" என்கின்றார். இப்படித்தான் ஒருவர் ஸுபஹுக்கு எந்தப் பள்ளிக்குப் போகின்றார் என்பதுகூட விற்பனைப் பொருளாகிவிடுகின்றது. பெயர் எழுதப்படவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. இரவில் ஒரு வீட்டிலும் பகலில் ஒரு கடையிலும் தங்கும் தொலைபேசி யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் தேவையா?

அறிவுக்குச் செல்லும் பாதை

மூன்றாவதாக, எந்த அறிவு யாரைச் சென்றடையும் என்பதையும் இதே கணக்குத்தான் தீர்மானிக்கின்றது.

2015 ஜூலையில் இலங்கை அரசும் கூகிளும் ஓர் உடன்படிக்கை செய்தன. வானில் பலூன்களை மிதக்கவிட்டு நாடு முழுவதற்கும் இணையம் வழங்கும் "லூன்" திட்டம் அது. பின்தங்கிய கிராமங்களின் பிள்ளைகள் எல்லாம் இனி உலக அறிவைத் தொடுவார்கள் என்று பேசப்பட்டது. 2016 பெப்ரவரியில் பரீட்சார்த்தப் பலூன் ஒன்று வந்தது. அது கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கியதும் செய்தியானது. பின்னர் அலைவரிசை ஒதுக்கீட்டில் சிக்கல் எழுந்து திட்டம் முடங்கியது. 2021 ஜனவரியில், இலாபகரமான தொழிலாக நடத்தும் வழி தெரியவில்லை என்று தாய்க் கம்பனி உலகம் முழுவதிலும் லூனை மூடிவிட்டது. கம்பனியைக் குறை சொல்ல இதில் அதிகமில்லை, நட்டத்துக்குத் தொழில் செய்ய எவராலும் முடியாது. ஆனால் நமது பிள்ளைகளின் கல்விப் பாதையை ஒரு தனியார் பலூனில் கட்டிவிடக்கூடாது என்ற பாடம் அதில் இருக்கின்றது.

புத்தகத்தின் நிலையும் இதுவே. டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களுக்குப் பாடப்பகுதிகளைப் பிரதி எடுத்துக் கொடுத்த ராமேஸ்வரி போட்டோ கொப்பிக் கடையின் மீது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட மூன்று பெரும் பதிப்பகங்கள் 2012 இல் வழக்குத் தொடர்ந்தன. கற்பித்தல் தேவைக்காகப் பிரதி எடுப்பது சட்டத்தில் அனுமதிக்கப்பட்டது என்று கூறி, டில்லி மேல் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2017 இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அந்தக் கடையின் தேவை சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் கூலி கிடைக்கவேண்டும் என்பது சரியே. ஆனால் ஏழை மாணவன் படிக்கவே முடியாத விலை, கூலி என்ற வரம்பைத் தாண்டிவிடுகின்றது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நியாயமான பயன்பாடு என்று ஓர் இடத்தை விட்டு வைத்திருக்கின்றது.

இலாபக் கணக்குக்கு வெளியே நின்றும் காரியம் ஆகலாம் என்பதற்கு நமது மொழியிலேயே சான்றுகள் உள்ளன. 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட "நூலகம்" என்ற இணைய நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் என ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைச் சேர்த்து இலவசமாகத் திறந்து வைத்துள்ளது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உண்டு. அங்கே விளம்பரம் இல்லை. இவையும் "சும்மா" கிடைப்பவைதான். ஆனால் யார் காசு கட்டுகிறார் என்று கேட்டால் வெளிப்படையான பதில் கிடைக்கின்றது: நன்கொடை தருபவர்களும், நேரத்தைத் தரும் தொண்டர்களும். இலவசத்துக்கும் இலவசத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

நமது மேசை இலாச்சிக்குள்ளும்

தூரத்துக் கம்பனிகளைப் பற்றிப் பேசிவிட்டு நமது கடைகளை மறந்துவிட முடியாது. சிம் விற்கும் கடையில் அடையாள அட்டைப் பிரதிகள் கிடக்கின்றன. உம்றா முகவரிடமும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவரிடமும் கடவுச்சீட்டுப் பிரதிகள் இருக்கின்றன. பாமசியிலும் டியூஷன் நிலையத்திலும் பெண்பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்கள் கொப்பியில் எழுதப்பட்டுள்ளன. அந்தப் பிரதிகளில் சரை சுற்றுவதும், இலக்கங்களை விளம்பரக் குறுஞ்செய்திக்காக இன்னொருவருக்குக் கொடுப்பதும் சின்ன விடயமாகத் தோன்றலாம். பெரிய கம்பனி செய்வதை நாம் சிறிய அளவில் செய்வதே அது.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கின்றது. ஒருவரின் விபரத்தை எந்த நோக்கத்துக்காகப் பெற்றோமோ அதற்கு மாத்திரம் பயன்படுத்தவேண்டும் என்பது அதன் சாரம். தன்னைப் பற்றிய விபரத்தைப் பார்க்கவும், திருத்தவும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் அது உரிமை தருகின்றது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 ஆம் திகதி நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன. அது பிற்போடப்பட்டு, அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அமுலாக்கல் தாமதித்தாலும், அமானிதத்தைப் பேணுவதற்கு வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

தொலைபேசியை வீசிவிடும்படி நாம் சொல்லவில்லை. நெல் விற்கும்போது கேட்கும் கேள்விகளை இங்கேயும் கேட்போம்.

முதலாவது, ஒரு செயலியை ஏற்றுமுன் இதற்கு யார் காசு கட்டுகிறார் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், கட்டுபவர் நீங்களாக இருக்கலாம்.

இரண்டாவது, செய்யும் வேலைக்குத் தேவையான அனுமதியை மாத்திரம் கொடுங்கள். டோர்ச் லைட் செயலிக்கு உங்கள் தொடர்பு இலக்கங்கள் எதற்கு? தொழுகை நேரத்துக்கு ஊரின் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்தாலே போதும். ஏற்கனவே கொடுத்த அனுமதியைத் தொலைபேசியின் அமைப்புகளில் போய் மீளப்பெறலாம்.

மூன்றாவது, கோபமூட்டும் வீடியோ வந்தால், அனுப்புமுன் ஓர் இரவு பொறுங்கள். அந்தக் கோபத்தில் இலாபம் காண்பவர் ஒருவர் இருக்கின்றார் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, நல்ல பொது நூலகம், நல்ல தமிழ்த் தளம், நல்ல செயலி எதுவாயினும் முடிந்த அளவு காசோ உழைப்போ கொடுத்துத் தாங்குங்கள். நாம் கட்டாத இடத்தில் வேறொருவர் கட்டுவார். கட்டுபவரின் விருப்பப்படியே அது வளரும்.

அன்று சந்தியில் அந்தத் தம்பி தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவரை நிறுத்தி இவ்வளவையும் சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை, அவருக்கும் இருந்திருக்காது. அடுத்த முறை அவர் கடைக்காரரிடம் "சும்மாதானே?" என்று கேட்டுவிட்டு, "அப்ப இதுல அவனுக்கு என்ன லாபம் காக்கா?" என்று இன்னொரு கேள்வியும் கேட்பாரானால், இந்தப் பத்தி எழுதப்பட்டதன் பயன் கிடைத்துவிடும்.